துளசி மாடத்தில் செடி நிற்கவே மாட்டேன் என்கிறது: கடலோர மண்ணில் துளசி, பச்சிலை, பேசில்

உப்பளம்_மாடி:
புதுச்சேரி, உப்பளம். சிமெண்ட் துளசி மாடம், கட்டி ஐந்து மாதம் ஆகிறது. கருந்துளசி நட்டால் முதல் மாதம் நன்றாக வருகிறது. பிறகு இலை நுனி பழுப்பாகிக் கருகுகிறது, துளிர் வெளுத்த மஞ்சளாக வருகிறது, அடி இலை கொட்டி வெறும் குச்சி நிற்கிறது. தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர். நர்சரி செம்மண். உரம் எதுவும் போடவில்லை. மூன்று செடி இப்படியே போனது. வீட்டில் சகுனம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் பதில் கொஞ்சம் அவசரம்.

கெடிலக்கரை:
சகுனத்தை விடுங்கள் சார். இதில் இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. நுனியும் ஓரமும் காய்ந்து கருகினால் உப்பு. துளிர் மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாகவே இருந்தால் இரும்புச் சத்து செடிக்கு ஏறவில்லை. புது சிமெண்ட் மாடத்தில் இது சகஜம். தண்ணீர் எங்கிருந்து ஊற்றுகிறீர்கள்? மாடத்தின் அடியில் ஓட்டை இருக்கிறதா? அபிஷேகத் தண்ணீர், பால், மஞ்சள் எல்லாம் அதிலேயே விழுகிறதா?

உப்பளம்_மாடி:
ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகும் தண்ணீர். வீணாகிறதே என்று ஊற்றுகிறோம். ஓட்டை ஒன்று இருக்கிறது, பூச்சு வேலையில் பாதி அடைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பால் ஊற்றுவார்கள்.

கெடிலக்கரை:
அப்படியென்றால் செடி ஒரு மாதம் தாக்குப்பிடித்ததே பெரிது. ஆர்.ஓ. மெஷின் நல்ல தண்ணீரை ஒரு பக்கம் பிரித்துவிட்டு, உப்பை எல்லாம் மறு பக்கம் தள்ளுகிறது. அந்த மறு பக்கத்தைத்தான் நீங்கள் துளசிக்குக் கொடுக்கிறீர்கள். கடற்கரை ஓரத்துப் போர்த் தண்ணீர் ஏற்கெனவே உவர்ப்பு. கழிவில் அது இன்னும் கூடுகிறது. தரை கழுவலாம், கழிவறைக்கு விடலாம். தொட்டிச் செடிக்கு வேண்டாம். தோட்ட மண்ணில் உப்பு கீழே இறங்கிப் போக இடம் உண்டு. தொட்டியில் தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு அங்கேயே தங்கும். மாடத்து ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 500 பிபிஎம் வரை கவலையில்லை. 1000 தாண்டினால் தொட்டிக்கு ஊற்றாமல் இருப்பது நல்லது.

சிமெண்டுக்கு வருகிறேன். புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணைக் காரமாக்கும். மண்ணில் இரும்பு இருக்கும், வேரால் எடுக்க முடியாது. கட்டியவுடன் மாடத்தில் தண்ணீர் நிரப்பி, மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்றி, மூன்று வாரம் ஊறவிட்டிருக்க வேண்டும். இப்போது அதற்கு வழியில்லை என்றால் மாடத்துக்குள் நேரடியாக மண் நிரப்பாதீர்கள். 12 அங்குல மண் தொட்டியில் செடியை வைத்து, தொட்டியை மாடத்துக்குள் இறக்குங்கள், அடியில் இரண்டு செங்கல் துண்டு கொடுத்து. பார்க்க மாடம், வளர்வது தொட்டியில்.

செம்மண்_காலாப்பட்டு:
கெடிலக்கரை அண்ணன் சொன்னதுடன் மண்ணைப் பற்றி ஒன்று. வெறும் செம்மண் தொட்டிக்கு ஆகாது. காலாப்பட்டு, ஆரோவில் மேட்டுச் செம்மண் ஈரத்தில் சேறாகி, காய்ந்தால் ஓடு போல இறுகும். மேலே ஊற்றும் தண்ணீர் தொட்டி ஓரமாக வழிந்து ஓட்டையில் வந்துவிடும், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் பக்க மணலோ நேர் எதிர். ஊற்றியது ஊற்றியபடி இறங்கிவிடும், சத்தும் கூடவே போகும்.

12 அங்குலத் தொட்டிக்கு இப்படிக் கலக்கலாம்: செம்மண் இரண்டு பங்கு, கழுவிய ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, வேப்பம்புண்ணாக்கு 50 கிராம். கடற்கரை மணலைக் கொண்டுவந்து கலக்கவே கூடாது. தேங்காய் நார்க்கழிவு சேர்ப்பதானால் கட்டியை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிய பிறகு சேருங்கள். நாரிலும் உப்பு உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. ஓட்டையின் மேல் ஓட்டுச் சில்லு, அதன் மேல் ஒரு கைப்பிடி ஜல்லி.

நெல்லிக்குப்பத்தான்:
இங்கே சர்க்கரை ஆலைப் பிரஸ்மட் (கரும்புச் சாற்றை வடிகட்டியதில் மிஞ்சும் அழுக்கு) மலிவாகக் கிடைக்கிறது. தொழுவுரத்துக்குப் பதில் அதைப் போடலாமா?

செம்மண்_காலாப்பட்டு:
மக்கியதாக இருந்தால் தாராளமாக. ஆலையிலிருந்து வந்த புது அழுக்கு உள்ளே சூடாகிக்கொண்டே இருக்கும், நாற்றின் வேர் வெந்துவிடும். குவித்து, ஈரம் காத்து, இரண்டு மூன்று மாதம் கிளறி விட்டு, கையை உள்ளே விட்டால் சூடு தெரியாத பதத்தில் எடுங்கள். பிரஸ்மட்டில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அதனால் சிமெண்ட் மாடத்துக்காரர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

உப்பளம்_மாடி:
இப்போது இருக்கும் குச்சியைக் காப்பாற்ற முடியுமா?

கெடிலக்கரை:
தண்டை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. முதலில் ஓட்டையைக் கம்பியால் குத்தித் திறங்கள். பிறகு உப்பைக் கழுவி இறக்க வேண்டும்: 15 லிட்டர் மண் பிடிக்கும் தொட்டி என்றால் 30 லிட்டர் நல்ல தண்ணீரை மூன்று தவணையாக, ஒவ்வொன்றுக்கும் அரை மணி இடைவெளி விட்டு ஊற்றுங்கள். ஓட்டை வழியாக எல்லாம் வடிய வேண்டும். மழைத் தண்ணீர் சேர்த்து வைத்திருந்தால் அதைவிட மேல் கிடையாது. கழுவிய பின் ஐந்தாறு நாள் நிழலில்.

மஞ்சள் துளிருக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 3 கிராம், அரை எலுமிச்சம்பழச் சாறு, ஒரு துளி சோப்பு. சாயங்காலம் இலையில் தெளிக்கவும், பத்து நாள் கழித்து இன்னொரு முறை. புதுசாகக் கரைத்து உடனே தெளியுங்கள். கரைசல் செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டால் பயன் போய்விட்டது என்று அர்த்தம். இதைத் தெளித்த இலையைப் பூஜைக்கோ கசாயத்துக்கோ எடுக்க வேண்டாம். அடுத்த துளிர் வரட்டும்.

பால் தினமும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஊற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு ஸ்பூன், தண்ணீரில் கலந்து. பால் புளித்து எறும்பு வரும், எறும்பு மாவுப்பூச்சியைக் கொண்டுவரும். விளக்கைத் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பெரும்பாலான மாடங்களில் விளக்கு மாடக்குழி இருப்பதே அதற்குத்தான். நாம்தான் அகலைத் தூக்கி மண் மேலேயே வைக்கிறோம்.

வைத்திக்குப்பம்2:
தினமும் ஒரு சொம்பு என்பது சரியா?

கெடிலக்கரை:
கணக்கு சொம்பில் இல்லை. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள், ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம். கத்திரி வெயிலில் 12 அங்குலத் தொட்டிக்குக் காலையில் ஒரு லிட்டர் வேண்டியிருக்கும், சில நாள் மாலையில் இன்னொரு அரை லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் தண்ணீரே வேண்டாம், தொட்டியைச் சாய்த்து வைத்தால் போதும்.

புயல் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30 ‘பெஞ்சல்’ புயல் மாதிரி கடல் காற்று வீட்டுக்குள் புகுந்து அடிக்கும்போது இலையில் உப்புத் தூறல் படியும். காற்று அடங்கியதும் அன்றே நல்ல தண்ணீரால் இலையை மேலும் கீழும் அலசிவிடுங்கள். இரண்டு நாள் விட்டால் கடல் பார்த்த பக்கம் முழுக்கக் கருகும்.

நெல்லிக்குப்பத்தான்:
எனக்கு வேறு தொல்லை. இலை கிண்ணம் மாதிரி சுருள்கிறது, மேலே வெளிர்ப் புள்ளி, அடியில் தார் தெளித்தது போல் கறுப்புச் சொட்டு. வைரஸா?

செம்மண்_காலாப்பட்டு:
வைரஸ் இல்லை தம்பி. இலையைத் திருப்பி நன்றாகப் பாருங்கள். எள்ளைவிடச் சற்றுப் பெரியதாக, வலை பின்னியது போன்ற சிறகுடன் பூச்சி தெரியும். லேஸ் பக் என்பார்கள். துளசியைத் தேடி வருகிற பூச்சி. குட்டி கறுப்பாக, கூட்டமாக நரம்பு ஓரம் இருக்கும். கறுப்புச் சொட்டு அதன் எச்சம். சாறு உறிஞ்சுவதால் இலை சுருண்டு காய்கிறது.

சுருண்ட கொப்பை எல்லாம் வெட்டி, பையில் கட்டி வெயிலில் போடுங்கள். உரக்குழியில் போட்டால் திரும்பி வரும். மீதிச் செடிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி. எண்ணெயை முதலில் ஒரு ஸ்பூன் காதி சோப்புக் கரைசலில் பால் போல அடித்துக்கொண்டு, அப்புறம் தண்ணீரில் ஊற்றுங்கள். நேராக ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசியில் மொத்தமும் ஒரே செடியில் விழுந்து கருக்கும். பூச்சி இருப்பது இலைக்கு அடியில், அதனால் கீழிருந்து மேலே தெளியுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. முட்டை இலைத் திசுவுக்குள் இருப்பதால் ஒரே தெளிப்பில் முடியாது. தெளித்து ஒரு வாரம் கழித்து, கழுவித்தான் வாயில் வைக்க வேண்டும்.

சிலந்திப் பேன் வேறு. அது வந்தால் இலை மேலே தூசி படிந்தது போல் மங்கி, அடியில் நூலாம்படை தெரியும். வெயில் காலத்தில், காற்று புகாத மூலைத் தொட்டிக்கு வரும். பாதி நேரம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போய்விடும்.

கெடிலக்கரை:
மணற்பாங்கான இடத்தில் தரையில் நடுகிறவர்கள் நூற்புழுவையும் மறக்க வேண்டாம். மேலே நோய் எதுவும் தெரியாது, செடி மட்டும் குட்டையாக, மதியம் துவண்டு நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் மிளகு மிளகாக முடிச்சு. முன்பு கத்தரி, வெண்டை, தக்காளி போட்ட பாத்தியில் அதிகம். மருந்தைத் தேடுவதைவிட அந்தப் பாத்தியில் ஒரு பட்டம் துலுக்கச் சாமந்தி போட்டு மண்ணோடு மடக்கிவிட்டு, வேப்பம்புண்ணாக்குப் போட்டு, பிறகு துளசிக்கு வருவது நல்லது.

பூக்கட்டு_திருவந்திபுரம்:
கோயிலுக்கு என்று வளர்க்கிறவர்களுக்குச் சில குறிப்பு. திருவந்திபுரம் தேவநாதன் கோயிலாகட்டும், புதுச்சேரி வரதராஜப் பெருமாள் கோயிலாகட்டும், மாலைக்குக் கேட்பது கதிருடன் உள்ள கொப்பு. வெறும் இலைக்கொத்து மாலையில் நிற்காது. இளங்கதிர், அடியில் பூ பிரிந்து நுனி இன்னும் மொட்டாக உள்ள பதம். காய் பிடித்த கதிர் தொட்டாலே உதிரும்.

கொப்பு ஒரு சாண் நீளம். காலையில் பனி உலர்ந்ததும் வெட்டி, அடியை மட்டும் தண்ணீரில் நிறுத்துங்கள். இலையை நனைத்துக் குவித்து வைத்தால் உள்ளே சூடு கிளம்பி இரண்டு மணி நேரத்தில் கறுத்துவிடும். கூடையில் வாழை இலை போட்டு, நிறுத்தி அடுக்கி, மேலே பிழிந்த ஈரத்துணி. வாழை நாரை ஊறவைத்துக் கிழித்தால்தான் இறுக்கும்போது அறாது. நாலு கொப்புக்கு ஒரு கட்டு, கதிர் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். நூலில் கட்டினால் மென்மையான தண்டு அறுபடும். சந்தையில் நூல்தான் கட்டுகிறார்கள், என்ன செய்வது.

துவாதசியில் பறிப்பதில்லை, பொழுது சாய்ந்தும் பறிப்பதில்லை. துளசிக்கு நிர்மால்ய தோஷம் கிடையாது என்று பெரியவர்கள் சொல்வதால், இல்லாத நாளில் முன்பு சாத்தியதையே அலம்பிச் சாத்தலாம். மணக்குள விநாயகருக்கு இதைக் கட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள், அங்கே அருகம்புல். பிள்ளையாருக்குத் துளசி சதுர்த்தி ஒரு நாள்தான் என்பது வழக்கம்.

வைத்திக்குப்பம்2:
வெண்துளசி, கருந்துளசி தவிர நர்சரியில் ராமதுளசி, எலுமிச்சைத் துளசி, கற்பூரத் துளசி, நாய்த்துளசி என்று என்னென்னவோ தருகிறார்கள். போதாததற்கு இத்தாலியன் பேசில். எது எது?

செம்மண்_காலாப்பட்டு:
நர்சரிப் பெயரை நம்பினால் குழப்பம்தான். கிள்ளி முகர்ந்து, தடவிப் பாருங்கள்.

துளசி என்றால் தண்டிலும் இலையிலும் மெல்லிய ரோமம் இருக்கும், இலை ஓரம் ரம்பம் போல் வெட்டு, வாசனை கிராம்பு பக்கம் போகும். கிராம்பில் உள்ள யூஜெனால் என்ற வாசனைப் பொருள்தான் இதிலும். வெண்துளசியும் கருந்துளசியும் ஒரே இனம், நிறம்தான் வேறு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தேனீ கலந்துவிடும், அடுத்த தலைமுறை இரண்டும் கெட்டான் நிறத்தில் வரும்.

திருநீற்றுப்பச்சிலை, ஊரில் வெறும் பச்சிலை என்பது, வேறு இனம். இலை வழவழ, தண்டில் ரோமம் குறைவு, வாசனையில் சோம்பு அடிக்கும். விதை கறுப்பு, தண்ணீரில் போட்டால் வழுவழுவென்று உப்பும். சப்ஜா விதை இதுதான். இத்தாலியன் பேசில் இந்தப் பச்சிலையின் இனம்தான், துளசி இல்லை. இலை பெரிதாக, கரண்டி போல் உள்குழிந்து, சோம்பு வாடை குறைந்து இனிப்பாக இருக்கும்படி தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம். தாய் பேசிலும் அதே இனம், ஊதாத் தண்டு, சோம்பு தூக்கல்.

நாய்த்துளசி என்கிற கஞ்சாங்கோரை வேலியோரம், ரயில் பாதையோரம் தானாக முளைப்பது. ஒடுங்கிய இலை, வெள்ளைப் பூ. எலுமிச்சைத் துளசி என்று தருவது பல நேரம் ஆள் உயரம் வளரும் பெருந்துளசி. அதைத் தொட்டியில் வைத்துச் சிரமப்படாதீர்கள், தரையில் வையுங்கள். கற்பூரத் துளசி சாம்பல் பூத்த இலையுடன், பேருக்கு ஏற்ற மணம்.

ஆக, பேசிலைப் பெருமாளுக்குச் சாத்தலாமா என்றால் அது துளசி அல்ல. பச்சிலை கதம்பத்தில் சேரும், அது வேறு.

அடுப்படி:
இதைத்தான் கேட்க வந்தேன். பச்சிலையை வைத்து பெஸ்டோ (இத்தாலியன் பேசில் துவையல்) அரைத்தால் ஏன் மருந்து வாடை? புதுச்சேரி ஒயிட் டவுன் உணவகங்களில் வரும் பச்சை நிறமும் வருவதில்லை, சேறு போல் கறுக்கிறது.

செம்மண்_காலாப்பட்டு:
வாடை சோம்பு வாசனையால். அதற்கு இத்தாலியன் ரகம் தனியாக விதைக்க வேண்டும். அது நம் வெயிலைத் தாங்காது. 35 டிகிரி தாண்டினால் இலை சிறுத்து, கதிர் தள்ளி, கசக்கும். இங்கே அதன் பருவம் மார்கழி முதல் மாசி வரை. கார்த்திகையில் கூரையின் கீழ் குழித்தட்டில் விதைத்து, மழை ஓய்ந்ததும் வெளியே நடுங்கள். பங்குனிக்கு மேல் 50 சதவீத நிழல்வலை, மதிய வெயில் படாத சுவர் ஓரம். ஆறு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கணுவுக்கு மேலேதான் கிள்ள வேண்டும், அந்தக் கணுவில் இரண்டு கிளை வரும். கதிர் தலை காட்டினால் அன்றே கிள்ளுங்கள். பூவுக்கு விட்டால் இலை போச்சு.

பனிக்காலத்தில் இலையின் மேல் நரம்புக்கு நடுவே மஞ்சள் கட்டம், அடியில் சாம்பல் தூள் பூத்தால் அடிச்சாம்பல் நோய். ராத்திரி ஈரம் இலையில் தங்குவதுதான் காரணம். சாயங்காலம் தண்ணீர் தெளிக்காதீர்கள், நெருக்கி நடாதீர்கள், கண்ட செடியை அன்றே பிடுங்குங்கள். துளசிக்கு இந்தத் தொல்லை பேசில் அளவுக்கு இல்லை.

கறுப்பதற்கு இரண்டு காரணம். ஒன்று மிக்ஸி சூடு. ஜாரையும் எண்ணெயையும் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, விட்டு விட்டு அரையுங்கள். இலையைக் கொதிநீரில் ஐந்து விநாடி முக்கி உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்தால் பச்சை நிற்கும், மணம் சற்றுக் குறையும். இரண்டாவது, பறித்த பேசிலை ஃபிரிட்ஜில் வைப்பது. குளிரில் அதன் இலை கறுத்துவிடும். கொத்தமல்லி மாதிரி நினைக்காமல், டம்ளரில் தண்ணீர் ஊற்றி அடுப்படி மேடையில் நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் தண்டில் வேர்கூட விடும், அதையே நடலாம்.

அடுப்படி:
நன்றி. பைன் கொட்டைக்குப் பதில் பண்ருட்டி முந்திரி நன்றாகவே வருகிறது, ஆனால் முந்திரியின் இனிப்பு கூடுதல். இலை 50 கிராமுக்கு முந்திரி 30 கிராம், வறுக்காதது, நாட்டுப்பூண்டு மூன்று பல், சீஸ் 30 கிராம், ஆலிவ் எண்ணெய் 80 மி.லி., எலுமிச்சை சில துளி. உப்பு கடைசியில், சீஸிலேயே இருக்கும். முந்திரியைத் தனியே ஒன்றிரண்டாக இடித்துச் சேர்த்தால் கூழாகாது. பூண்டும் பச்சை இலையும் எண்ணெயில் மூழ்கியிருப்பதை வெளியே வைக்கக் கூடாது, நஞ்சாகும். ஃபிரிட்ஜில் மூன்று நாள், அதற்கு மேல் ஃபிரீசர்.

தாய் பேசிலைப் பற்றி ஒரு வார்த்தை. சைகோன் தொடர்புள்ள புதுச்சேரி வீடுகளில் நேம் (வியட்நாம் ரோல்) பொரித்தால் லெட்டூஸ், புதினாவோடு வைத்துச் சுற்ற இந்த இலைதான் சரி. இத்தாலியன் பேசில் அதற்கு ஒட்டாது.

மருந்துப்பெட்டி:
சமையலோடு மருந்தையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், பாதிப் பேர் இரண்டையும் குழப்புகிறார்கள்.

சளி, தொண்டைக்கரகரப்புக்கு வீட்டுக் கசாயம்: துளசி இலை 15, மிளகு 5, சுக்கு கால் அங்குலம், இரண்டு டம்ளர் தண்ணீர். மிளகையும் சுக்கையும் தட்டிப் போட்டு ஒரு டம்ளராக வற்றியதும் அடுப்பை அணைத்து, அதன் பிறகு இலையைக் கசக்கிப் போட்டு மூடி, பத்து நிமிடம் விடுங்கள். முதலிலிருந்தே இலையைக் கொதிக்கவிட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும், மிஞ்சுவது கசப்பு. வெதுவெதுப்பில் தேன். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. ஆவி பிடிக்க நொச்சியோடு ஒரு கைப்பிடி துளசி. ரசத்துக்கும் இதே விதிதான், இறக்கிய பின் இலை.

பச்சிலை உடல் சூட்டுக்குச் சொல்லப்படுவது விதையால்தான். சப்ஜா ஒரு டீஸ்பூன், தண்ணீர் 200 மி.லி., 20 நிமிடம். ஊறியதில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து நன்னாரி சர்பத்தில். ஊறாமல் வாயில் போட்டால் தொண்டையில் உப்பி அடைக்கும். குழந்தைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் இதில் விளையாட்டு வேண்டாம். கடையில் சியா விதையைச் சப்ஜா என்று தள்ளுவார்கள். சியா சாம்பலும் பழுப்பும் கலந்த புள்ளி, சப்ஜா ஒரே கறுப்பு. சப்ஜாவைத் தண்ணீரில் போட்ட சில நிமிடத்தில் வெள்ளை வளையம் கட்டும்.

பச்சிலைச் சாற்றைக் காதில் விடுவது, கஞ்சாங்கோரைச் சாற்றைக் கைக்குழந்தைக்குப் புகட்டுவது, இரண்டும் பழைய வழக்கம். நான் ஆதரிக்க மாட்டேன். செவிப்பறையில் ஓட்டை இருப்பது வெளியே தெரியாது. கஞ்சாங்கோரையைக் கட்டித் தொங்கவிட்டுக் கொசுவை விரட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தினசரி கசாயம், துளசிச் சொட்டு மருந்து என்று இறங்குவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் வரும் ஓர் இலைக்கு இதெல்லாம் பொருந்தாது.

வைத்திக்குப்பம்2:
துளசி ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும், அதனால் படுக்கையறையில் வைக்கலாம் என்று வாட்ஸப்பில் வருகிறதே?

மருந்துப்பெட்டி:
விடாது. வெளிச்சம் இல்லாமல் ஒளிச்சேர்க்கை இல்லை. ராத்திரியில் துளசியும் நம்மைப் போலக் கரியமில வாயுவைத்தான் விடுகிறது, ஒரு தொட்டிச் செடி விடுவது பொருட்படுத்தும் அளவும் இல்லை. படுக்கையறையில் வைத்தால் நமக்கு ஒன்றும் ஆகாது, செடிதான் வெயில் இல்லாமல் சாகும். ஆறு மணி நேர வெயில் வேண்டும் அதற்கு.

கெடிலக்கரை:
உப்பளம் சார், உங்கள் மாடத்துக்கும் இது பொருந்தும். நாலு மணி நேர வெயில் மட்டும் என்றால் அது குறைச்சல். செடி பிழைக்கும், ஆனால் கணு நீண்டு இலை வெளுக்கும். தொட்டி முறைக்கு மாறினால் வாரத்தில் இரண்டு நாள் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போகலாம்.

நெல்லிக்குப்பத்தான்:
ஐந்து சென்ட் கருந்துளசி போட எண்ணம், மாலைக் கொப்புக்காக. எப்போது, எவ்வளவு விதை?

கெடிலக்கரை:
ஏக்கருக்கே 120 முதல் 150 கிராம் விதை போதும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு 10 கிராமே தாராளம். ஆடியில் நாற்று விட்டால் ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். தவறினால் தையில். விதை கடுகைவிடச் சிறிது, அதனால் நாலு பங்கு மணலோடு கலந்து தூவி, மேலே சலித்த உரம் மெல்லிசாக. ஆழத்தில் புதைத்தால் முளைக்காது. பூவாளியை உயர்த்திப் பிடித்து ஊற்றினால் விதை எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும், நனைத்த சாக்கைப் போட்டு மூடி அதன் மேல் தெளியுங்கள், முளை கண்டதும் சாக்கை எடுத்துவிடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு நாளில் முளைக்கும். நாற்றழுகலுக்கு முன்னெச்சரிக்கையாக விதையோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி, கிலோவுக்கு 4 கிராம் கணக்கில், உங்கள் அளவுக்கு ஒரு சிட்டிகை.

ஆறு வாரத்தில், நாலைந்து ஜோடி இலை வந்த நாற்றைச் சாயங்காலம் எடுத்து நடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. ஒரு சென்டுக்கு 190 செடி பிடிக்கும். உங்கள் ஊர் களி கலந்த மண் என்றால் ஓர் அடி உயர மேட்டுப் பாத்தி, நடுவில் வடிகால். தென்பெண்ணை, கெடிலம் கரையோரப் பள்ளக்காட்டில் போடவே வேண்டாம். இரண்டு நாள் தண்ணீர் நின்றால் துளசி திரும்பாது. நட்டு 90 நாளில் முதல் வெட்டு, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு. பிறகு இரண்டரை மாதத்துக்கு ஒரு முறை. மாலைக்குக் கொப்பு கிள்ளுவது இடையிடையே நடக்கும், அதற்குக் கணக்கில்லை. யூரியாவை அள்ளிப் போட்டால் இலை பெரிதாகும், மணம் போகும், லேஸ் பக்கும் அங்கேதான் முதலில் வரும். மீன் அமிலம் (மீன் கழிவை வெல்லத்தோடு புளிக்கவைத்தது) லிட்டருக்கு 5 மி.லி. பதினைந்து நாளைக்கு ஒரு முறை போதும், ஆனால் கோயிலுக்கு வளர்ப்பது என்றால் அதற்குப் பதில் பஞ்சகவ்யம் 30 மி.லி., யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

லக்னோவில் உள்ள சிமாப் (மருந்து, வாசனைச் செடிகளுக்கான மத்திய ஆய்வு நிறுவனம்) வெளியிட்ட சிம்-ஆயு ரகம் எண்ணெய்க்கு. மாலைக்கு நாட்டுக் கருந்துளசியே போதும்.

பூக்கட்டு_திருவந்திபுரம்:
கொப்பு விற்பதானால் வரிசைக்கு வரிசை பதினைந்து நாள் இடைவெளி விட்டு நுனி வெட்டுங்கள். எல்லாம் ஒரே நாளில் கதிர் தள்ளினால் மார்கழியில் கை நிறையவும், தையில் வெறுங்கையுமாக நிற்பீர்கள்.

செம்மண்_காலாப்பட்டு:
வெட்டிக் கழித்த இலைக்கு ஒரு வேலை இருக்கிறது. துளசியில் மெத்தில் யூஜெனாலும் உண்டு, மாங்காய்ப் பழ ஈயின் ஆண் ஈயை அது இழுக்கும். இரண்டு கைப்பிடி இலையை நசுக்கிக் கொட்டாங்குச்சியில் போட்டு, தண்ணீரும் ஒரு துளி சோப்பும் விட்டு மரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மணம் இரண்டு நாள்தான், பிறகு மாற்ற வேண்டும். பெண் ஈ வராது, அதனால் விழுந்த பழத்தைப் பொறுக்கிப் புதைப்பதை நிறுத்தக் கூடாது.

உப்பளம்_மாடி:
தண்டைச் சுரண்டினேன், அடிப்பக்கம் ஒரு சாண் பச்சை. ஓட்டையைக் குத்தியதும் நாறும் தண்ணீர் ஒரு சொம்பு வந்தது. கழுவி இறக்கியாகிவிட்டது. ஒரு கதிரில் காய்ந்த விதையும் இருக்கிறது, அதை எப்படி எடுப்பது?

கெடிலக்கரை:
நாற்றம் வந்தால் அடி வேர் அழுகியிருக்கிறது. செடியை மண்ணோடு எடுத்து, கறுத்து நசுங்கும் வேரை வெட்டிவிட்டு, புதுக் கலவையில் வையுங்கள். மேலே பச்சை முடியும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலாகக் காய்ந்ததை வெட்டி எறியுங்கள்.

கதிர் பழுப்பாகித் தட்டினால் உதிரும் பதத்தில் காகிதப் பையில் போட்டு இரண்டு நாள் நிழலில் வையுங்கள். உள்ளங்கையில் கசக்கி, டீ வடிகட்டியில் சலித்து, மெல்ல ஊதினால் உமி போகும். மிஞ்சும் செம்பழுப்புப் பொடிதான் விதை. உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், அதனால் சின்னக் கண்ணாடிப் புட்டியில் வறுத்து ஆறிய அரிசி ஒரு ஸ்பூன் போட்டு, அதன் மேல் விதைப் பொட்டலத்தை வையுங்கள். விதைக்கும்போது ஒரே தொட்டியில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள், பாதியைத் தைக்கு வைத்திருங்கள்.